அப்பாவுக்கு இம்யூனோதெரபியோடு 'நானோ' கீமோ என்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மலர்_அரவேணு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரி அரவேணு பக்கம். அப்பாவுக்கு 63 வயது. ஒன்றரை ஏக்கர் தேயிலை, அதுதான் குடும்பத்துக்கு எல்லாம். சின்ன வயதிலிருந்தே பீடி. மழைக்காலத்தில் பிடித்த இருமல் விடவே இல்லை, அப்புறம் சளியில் ரத்தம் வந்தது. கோவைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்தோம். நுரையீரலில் ஸ்குவாமஸ் வகைப் புற்று, நான்காவது நிலை, கல்லீரலிலும் ஓர் இடத்தில் தெரிகிறது என்றார்கள். பி.டி.எல்.1 என்ற பரிசோதனையில் 20 சதவீதம் வந்திருக்கிறது.

டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதோடு கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் என்று இரண்டு கீமோ மருந்து. அந்தப் பாக்ளிடாக்ஸலில்தான் எனக்குக் குழப்பம். சாதாரண வகை என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமாம். இன்னொன்று நானோ துகள் வகை, அதற்கு வாரா வாரம் வர வேண்டுமாம், விலையும் அதிகம். இரண்டும் கொடுக்கலாம், யோசித்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார்.

இதற்கு நடுவில் சித்தப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். வெளியூரில் ஒரு இடம். கீமோவே வேண்டாம், "நானோ இம்யூனோதெரபி" கொடுத்தால் துகள்கள் நேராகப் புற்றைத் தேடிப் போய் அழித்துவிடும், பக்கவிளைவே கிடையாது என்று பேசுகிறார்கள். ஃபோன் போட்டால் முன்பணம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கே போகச் சொல்கிறார்கள். தோட்டத்தில் அரை ஏக்கரை விற்றால் பணம் புரட்டிவிடலாம் என்று அம்மா சொல்கிறார்.

நானோ மருந்து என்பது உண்மையில் என்ன? இம்யூனோதெரபிக்கு அது உதவுமா? அந்த வீடியோவை நம்பலாமா? அப்பா எங்களிடம் கேட்பது ஒன்றுதான், அடுத்த கவாத்துக்கு எழுந்து தோட்டத்துக்குப் போக முடியுமா என்று. அவருக்கு ஒரு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். அவர் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

கேத்தி_பாலாடா:

அக்கா, மனதைத் தளரவிடாதீர்கள். எங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுக்கு வாராந்திர பாக்ளிடாக்ஸல் கொடுத்தார்கள், அதனால் வாரா வாரம் மலை இறங்குவது என்றால் என்னவென்று தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் கூட்டிப்போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். ஊசி போட்ட அன்றே இருட்டில் திரும்பி ஏற வேண்டாம். நவம்பர் மழையில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தெரிந்தவர்கள் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள்.

அந்த வீடியோக்காரர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மற்ற விவரம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.

---

பழைய_குன்னூர்க்காரன்:

மலரம்மா, நான் டாக்டர் இல்லை. சிம்ஸ் பார்க் பக்கத்தில் இருக்கிற பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசித் தயாரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1907இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய ஆரம்பித்த இடம் அது. அங்கே இருந்த பழக்கத்தில் நோய் எதிர்ப்பு சம்பந்தமாக வருவதை இன்றைக்கும் விடாமல் படிக்கிறேன். எந்த மருந்து எடுக்க வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நானோ துகள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தடுப்பு ஊசி குழந்தைகளுக்குப் போடுகிறோம் இல்லையா, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொண்டை அடைப்பான், டெட்டனஸ் கிருமிகளின் நச்சை முறித்து எடுத்த புரதம் அதில் இருக்கிறது. அந்தப் புரதத்தை அப்படியே ஊசியில் ஏற்றினால் உடம்பு அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டவைத்துக் கொடுத்தால் எதிர்ப்பு சக்தி பல மடங்கு எழும்பும். 1926இலேயே இங்கிலாந்தில் கிளென்னி என்ற ஆராய்ச்சியாளர் இதைக் காட்டிவிட்டார். அந்தப் பாட்டிலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவே விடக்கூடாது. உறைந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. நல்ல பாட்டிலையும் சந்தேகப் பாட்டிலையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி மேஜையில் வைப்போம். நல்லது வெகுநேரம் பால் மாதிரி கலங்கலாகவே நிற்கும். உறைந்து இளகியதில் துகள்கள் திரண்டு செதிள் செதிளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். உள்ளே இருக்கும் புரதம் அதேதான், அளவும் அதேதான். துகள் கெட்டுவிட்டதால் அந்தப் பாட்டிலைக் கழித்துவிட வேண்டும். மருந்து எதன் மேல் ஏறிப் போகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை நான் அந்த மேஜையில்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது அப்பாவின் மருந்துக்கு வருவோம். நம் உடம்பில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு, கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்துக் கொல்லும். அது அளவு மீறிப் போகாமல் இருக்க அதன் மேலேயே சில பிரேக்குகள் உண்டு. பி.டி.1 அதில் ஒன்று. புற்றுசெல் தன் மேல் பி.டி.எல்.1 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் 20 சதவீதம் என்று வந்தது அதைத்தான். பெம்ப்ரோலிசுமாப் அந்த அழுத்தத்தை எடுத்துவிடுகிறது. இந்தப் பிரேக்குகளைக் கண்டுபிடித்து வேலை செய்ததற்காக ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் கொடுத்தார்கள்.

பிரேக்கை எடுத்தால் மட்டும் போதாது, அம்மா. டி செல் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பலருடைய கட்டிக்குள் டி செல்லே நுழைவதில்லை. அவர்களுக்கு இந்த மருந்து பலிப்பதில்லை. நானோ மருத்துவம் செய்பவர்கள் மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான்.

எதிர்ப்பு சக்தியைச் சரியான இடத்தில் கிளப்பிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று நம்மிடமே இருக்கிறது. காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி., சென்னை கிண்டியில் 1948இலிருந்து அதற்கென்றே ஒரு ஆய்வகம் இருக்கிறது. அதே பி.சி.ஜி. கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாகச் செலுத்தி, அங்கே மேலோட்டமாக வரும் புற்றுக்கு 1970களிலிருந்து வைத்தியம் செய்கிறார்கள். இன்றைக்கும் அதுதான் முக்கிய சிகிச்சை. சிறுநீர்ப்பைக்குக் குழாய் விட்டால் போய்விடும். நுரையீரலின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு எப்படிக் கொண்டுபோவது? அதற்குத்தான் துகள்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்த மருந்துத் துகள்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 100 நானோமீட்டர் கணக்கில் இருக்கும். 1986இல் ஜப்பானில் மாட்சுமுராவும் மைதாவும் ஒன்றைக் கவனித்தார்கள். கட்டிக்குள் இருக்கும் ரத்தக் குழாய் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கிறது, பெரிய துகள்கள் அதன் வழியே கசிந்து உள்ளே தங்கிவிடுகின்றன என்று. அதை நம்பி எத்தனையோ துகள்கள் செய்தார்கள். 1995இல் கொழுப்புக் குமிழிக்குள் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை அடைத்த வகை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு அது செய்யும் கெடுதல் குறைந்தது, அது பெரிய விஷயம்.

ஆனால் "நேராகத் தேடிப்போய் அழிக்கும்" என்கிறார்களே, அதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பத்து வருட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2016இல் டொராண்டோக்காரர்கள் வெளியிட்டார்கள். அவை விலங்குகளில் செய்தவை. செலுத்திய துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து விழுங்கிவிடுகின்றன. இதைப் படித்தவன் எவனும் பக்கவிளைவே இல்லாமல் நேராகப் போகும் என்று கேமரா முன்னால் உட்கார்ந்து சொல்லமாட்டான்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கட்டிக்குப் போவதுதானே கஷ்டம்? நோய் எதிர்ப்பைக் கிளப்பக் கட்டிக்கே போக வேண்டியதில்லை. நெறிகட்டுகிற நிணநீர் முடிச்சுகளுக்கும் மண்ணீரலுக்கும் போனால் போதும், டி செல்கள் பாடம் படிப்பது அங்கேதான். துகள்களும் இயல்பாக அங்கேதான் போய்ச் சேர்கின்றன. எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்புதான் எம்.ஆர்.என்.ஏ. கொரோனாவுக்கு வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி கொழுப்பு நானோ துகளில் ஏறித்தான் வந்தது. அதற்கு அடிப்படை போட்ட கரிக்கோவுக்கும் வைஸ்மேனுக்கும் 2023இல் நோபல். இப்போது ஒரு நோயாளியின் கட்டியை எடுத்து, அதில் மட்டும் உள்ள மாற்றங்களில் 34 வரை பொறுக்கி, அவருக்கென்றே எம்.ஆர்.என்.ஏ. எழுதி, அதே மாதிரி துகளில் வைத்துக் கொடுக்கிறார்கள். மெலனோமா என்ற தோல் புற்றை அறுவை செய்து எடுத்த 157 பேரிடம் பார்த்தார்கள். பெம்ப்ரோலிசுமாப் மட்டும் எடுத்தவர்களைவிட இந்த ஊசியும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவதோ இறப்பதோ 44 சதவீதம் குறைவாக இருந்தது. கணையப் புற்றில் நியூயார்க்கில் 16 பேருக்கு இதே வழியில் கொடுத்து, 8 பேருக்கு டி செல்கள் நன்றாக எழும்பியதாக 2023இல் எழுதினார்கள். படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நாங்கள் அலுமினியத்தை வைத்துச் செய்த வேலையின் பேரப்பிள்ளை இது.

இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அதற்காகக் காத்திருந்து அப்பாவின் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவுக்குச் சொன்ன நானோ பாக்ளிடாக்ஸல் வேறு வகை, ஆராய்ச்சி அல்ல, 2005இலிருந்து புழக்கத்தில் இருப்பது. பாக்ளிடாக்ஸல் தண்ணீரில் கரையாது. அதனால் சாதாரண வகையை ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யும் ஒரு கரைப்பானில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கரைப்பான் சிலருக்குப் பயங்கர ஒவ்வாமை கொடுக்கும், எனவே முன்கூட்டியே ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். நானோ வகையில் எண்ணெய் கிடையாது. நம் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் அளவுத் துகளாக்கியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு பொதுவாகத் தேவைப்படாது, அரை மணி நேரத்தில் ஏறிவிடும். சாதாரணம் மூன்று மணி நேரம். ரத்தத்தில் கலந்ததும் அந்தத் துகள் சீக்கிரமே கரைந்துவிடுகிறது. அதனால் புற்றைத் தேடிப்போகும் ஏவுகணை என்று அதை நினைக்க வேண்டாம். எண்ணெயை ஒழித்தார்கள், ஸ்டீராய்டைக் குறைத்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இந்த இரண்டாவது விஷயத்தை டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும்.

நிலத்தை விற்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த வீடியோவுக்காக விற்காதீர்கள்.

---

மலர்_அரவேணு:

ஐயா, இரண்டு முறை படித்தேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். எதிர்ப்பு சக்தியை எழுப்பத்தான் பெம்ப்ரோலிசுமாப், ஸ்டீராய்டு அதை அமுக்கும் என்கிறார்கள். அப்படியானால் சாதாரண பாக்ளிடாக்ஸலுக்கு முன்னால் ஸ்டீராய்டு போட்டால் இம்யூனோதெரபி வீணாகிவிடாதா? வாரா வாரம் இறங்குவது கஷ்டம்தான், ஆனால் நானோ வகையால் மருந்து கூடுதலாகப் பலிக்கும் என்றால் எப்படியாவது கூட்டிப்போகிறோம்.

---

மஞ்சூர்_ஆய்வாளன்:

மலர் அக்கா, வணக்கம். எனக்கு மஞ்சூர். நானோ துகள் வழியாக மருந்து செலுத்துவதில்தான் முனைவர் ஆய்வு செய்கிறேன். உங்கள் கேள்வி ஆராய்ச்சியாளர்களே சண்டை போட்டுக்கொண்ட கேள்வி.

மார்பகப் புற்றில், வழக்கமாகப் பரிசோதிக்கும் மூன்று ஏற்பிகளும் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2) இல்லாத ஒரு வகை உண்டு. அதில் அடீசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியை நானோ பாக்ளிடாக்ஸலோடு சேர்த்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். பி.டி.எல்.1 உள்ளவர்களுக்கு நோய் முற்றுவது தள்ளிப்போனது. 2019இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. அடுத்து அதே இம்யூனோதெரபியைச் சாதாரண பாக்ளிடாக்ஸலோடு சேர்த்து இன்னொரு ஆய்வு. அதில் பலன் தெரியவில்லை. ஸ்டீராய்டுதான் காரணமோ என்று பலரும் சந்தேகப்பட்டார்கள், ஆனால் அது நிரூபணமாகவில்லை. 2021இல் அமெரிக்காவில் அந்த அனுமதியை நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே வகை மார்பகப் புற்றில் பெம்ப்ரோலிசுமாப் இரண்டு பாக்ளிடாக்ஸலோடும் புழக்கத்தில் இருக்கிறது.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது வேறொரு ஆய்வு. ஸ்குவாமஸ் நுரையீரல் புற்று உள்ள 559 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கார்போபிளாட்டினோடு சாதாரணமோ நானோவோ ஏதாவது ஒரு பாக்ளிடாக்ஸல், டாக்டர் விருப்பப்படி. பாதிப் பேருக்குக் கூடவே பெம்ப்ரோலிசுமாப். இரண்டு பாக்ளிடாக்ஸலிலுமே இம்யூனோதெரபி சேர்த்தவர்களுக்குப் பலன் இருந்தது. அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் ஸ்டீராய்டு உங்கள் அப்பாவின் இம்யூனோதெரபியைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நாள்தோறும் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பதுதான் கவலைக்குரியது. உங்கள் டாக்டர் இரண்டில் எதையும் கொடுக்கலாம் என்று சொன்னது தட்டிக்கழிக்கும் பேச்சு இல்லை, ஆதாரத்தோடு சொன்னது.

எண் சொல்லலாமா என்று யோசித்தேன். நேர்மையான பதில் வேண்டும் என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன். அந்த ஆய்வில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கீமோ மட்டும் எடுத்தவர்களில் 9.7 சதவீதம், இம்யூனோதெரபியும் சேர்த்தவர்களில் 18.4 சதவீதம். ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் பெரும்பாலானவர்களை நோய் வென்றுவிட்டது. நான் இந்தத் துறையில் இருப்பதே அந்த மீதி 80 சதவீதத்தை நினைத்துத்தான். இது கூட்டத்தின் கணக்கு, அப்பா எந்தப் பக்கம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. முதல் இரண்டு மூன்று மாத ஸ்கேன் வந்தால் ஓரளவு தெரியும்.

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டி செல் நுழையாத கட்டியை எங்கள் துறையில் "குளிர்ந்த கட்டி" என்போம். அதைச் சூடாக்கத்தான் எல்லா முயற்சியும். டாக்ஸோரூபிசின், ஆக்ஸாலிபிளாட்டின் மாதிரி சில கீமோ மருந்துகள் புற்றுசெல்லைக் கொல்லும்போது அது சத்தமில்லாமல் சாவதில்லை. செல்லின் உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்துவிடும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வெளியே கசியும். அதைப் பார்த்து நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவரும். அந்த மருந்தையும் எதிர்ப்பைத் தூண்டும் இன்னொரு மருந்தையும் ஒரே துகளில் ஏற்றி அனுப்பினால், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே செல்லில் இறங்கும். தனித்தனியாகக் கொடுத்தால் உடம்பில் அது அது அதன் வழியில் போய்விடும். ஸ்டிங் என்ற ஓர் எச்சரிக்கைப் பாதையைத் தூண்டும் மூலக்கூறு உண்டு, ரத்தத்தில் விட்டால் சீக்கிரமே சிதைந்துபோகும், செல்லுக்குள்ளும் எளிதில் நுழையாது. துகளில் வைத்தால் தாக்குப்பிடிக்கிறது. எலியில் அழகாக வேலை செய்கிறது. மனிதரில் வரும்போது ஒவ்வொன்றாக விழுகிறது, எங்களுக்கு அதுதான் வேதனை. எலிக்கு நாங்களே வைத்து வளர்த்த கட்டி சில வாரத்துக் கட்டி. உங்கள் அப்பாவினுடையது பல வருடம் பீடிப் புகையில் ஊறி, உடம்போடு பழகி, ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டு வந்தது.

பணம் பற்றி ஒன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையில் திங்கட்கிழமையே கேட்டுவிடுங்கள். குறைந்த அளவு இம்யூனோதெரபி பற்றியும் யாராவது சொல்வார்கள். மும்பை டாடா மெமோரியலில் தலை, கழுத்துப் புற்று உள்ள 151 பேரில் பெம்ப்ரோலிசுமாப் மாதிரியே பி.டி.1 பிரேக்கை எடுக்கும் நிவோலுமாப் என்ற மருந்தை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை அது. நம் நாட்டுக்கு மிகப் பெரிய செய்தி. ஆனால் அது தலை, கழுத்துப் புற்றில் செய்தது. முழு அளவுக்குக் கையில் பணம் இல்லை என்ற நிலை வந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், அவரே ஒரு வழி சொல்லக்கூடும்.

வீடியோக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் என்ன? இந்தியாவில் மருத்துவ ஆய்வு எதுவானாலும் 2009இலிருந்து அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உண்மையான ஆய்வில் நெறிமுறைக் குழு இருக்கும், தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள், சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள். முன்பணம் என்ற சொல்லே அங்கே வராது.

---

சிஸ்டர்_காரமடை:

மலர், நான் கீமோ டே கேரில் நர்ஸ். பிறந்தது குன்னூர், வாக்கப்பட்டது காரமடை. எந்த மருந்தை எடுத்தாலும் வீட்டில் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இதில் சில விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இம்யூனோதெரபி தைராய்டைப் பாதிக்கலாம். சுரப்பது குறைந்தால் சோர்வாக இருக்கும், எப்போதும் குளிரும். கீழே இருக்கும் நோயாளி ஏப்ரல் வெயிலில் ஸ்வெட்டர் கேட்டால் எங்களுக்குச் சட்டென்று உறைக்கும். அரவேணுவில் அப்பா குளிருகிறது என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். அதனால் தைராய்டு ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எடுங்கள். கண்டுபிடித்துவிட்டால் மாத்திரையில் சரிப்படுத்தலாம்.

இருமலும் அப்படித்தான். மருந்து நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கலாம். புதிதாக வறட்டு இருமல், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குவது என்றால் பனிக்காலத்து இருமல் என்று கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள், அன்றே கூப்பிடுங்கள். நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு போனாலும் கூப்பிடுங்கள். அந்தச் சமயத்தில் எங்கள் டாக்டர்களே ஸ்டீராய்டு எழுதுவார்கள், அதற்கு மறுப்புச் சொல்லாதீர்கள், உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் உள்ளூரில் சளிக்கென்று போனால் இம்யூனோதெரபி ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டின் ஒரு நகலை அப்பாவின் சட்டைப் பையிலேயே வையுங்கள்.

பாக்ளிடாக்ஸல் இரண்டு வகையுமே விரல் நுனியையும் பாதத்தையும் மரத்துப்போக வைக்கும், சர்க்கரைக்காரருக்கு இன்னும் சீக்கிரம். கரி அடுப்பில் குளிர்காயும்போது கால் சுடுவது அவருக்குத் தெரியாது. எங்களிடம் ஒரு பெரியவர் கொப்புளத்தோடு வந்தார், காலுறை ஒட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். தினமும் ராத்திரி நீங்களே பாதத்தைப் பாருங்கள். கவாத்துக் கத்தியை இப்போதைக்கு அவர் கையில் கொடுக்க வேண்டாம். தோட்டத்துக்கு வந்து உட்கார்ந்து வேலை சொல்லட்டும், அதற்குத் தடையில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அதையே பதிலாகச் சொல்லுங்கள், பொய் இல்லை அது.

காய்ச்சல் 100.4 தொட்டால் மணி பார்க்காதீர்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ராத்திரியில் கோவை வரை இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள், ஆன்டிபயாடிக் அங்கேயே ஆரம்பிக்கலாம். கோவை டாக்டரோடு அவர்களை ஃபோனில் பேசவையுங்கள்.

நானோ வகை என்று முடிவு செய்தால் 8ஆம் நாள், 15ஆம் நாள் ஊசியை வீட்டுக்குப் பக்கமாக எங்காவது போட ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். சில டாக்டர்கள் எழுதிக்கொடுத்துச் செய்யவைப்பார்கள்.

---

மலர்_அரவேணு:

திங்கட்கிழமை போய் வந்தோம். சர்க்கரை அளவு 290 இருந்ததால் டாக்டரே நானோ வகையைச் சொன்னார். ஸ்டீராய்டு இப்போது வேண்டாம், கை கால் மரத்தால் உடனே அளவைக் குறைக்கலாம் என்றார். காப்பீட்டு மேசையில் ஒரு பகுதிக்கு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பா மகன் சி.டி.ஆர்.ஐ. எண் கேட்டதும் அந்த ஆட்கள் ஃபோனை வைத்துவிட்டார்களாம், அவனே வந்து சொன்னான். நிலம் நிலமாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் ஊசி.

குன்னூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குத் தடுப்பூசி ஏதாவது போட வேண்டுமா, போடக்கூடாதா? டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

---

பழைய_குன்னூர்க்காரன்:

நல்ல செய்தி, அம்மா. இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ) ஊசியும் நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசியும் உயிருள்ள கிருமியால் செய்தவை அல்ல, கீமோ ஓடும் நோயாளிகளுக்கும் போடலாம், போடச் சொல்லித்தான் பரிந்துரை. கீமோவுக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டால் நன்றாகப் பிடிக்கும், உங்களுக்கு அந்த அவகாசம் இல்லை. எப்போது போடலாம் என்று வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசிகள் இப்போது அவருக்கு வேண்டாம். வீட்டில் இருக்கிற மற்றவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் அவருக்குத்தான் பாதுகாப்பு.

வெறிநாய்க்கடி ஊசியும் உயிரற்றதுதான். மலையில் நாய் அதிகம் என்பதால் சொல்லி வைக்கிறேன். கடித்தால், கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குச் சின்னக் கீறலுக்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (தயாராக உள்ள எதிர்ப்புப் புரதம்) சேர்த்துப் போட வேண்டும். கீமோ ஓடுகிறது என்று அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.